எந்த கலரில் வீடு கட்டலாம்?

நான் ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2009 என்று நினைவு, எங்கள் ஆபீசுக்கு ஓர் இளம் பெண் வந்தார். நகரமைப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்தவர். எங்கள் நிலவியல் வரைபடத்தின் பிரதி ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். மேஜையில் விரித்தார். மஞ்சள், பச்சை, ரோஸ், பழுப்பு என்று பதினைந்து கலருக்கு மேல் இருக்கும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இதுல எந்த கலர்ல வீடு கட்டலாம்? எந்த கலர்ல கட்டக் கூடாது?"

அறையில் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு எங்கள் சீனியர் நிலவியலாளர் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். இது குவாட்டர்னரி காலத்துப் படிவு, இது ஆறு கொண்டுவந்தது, இது கடல் பின்வாங்கியபோது விட்டுப்போனது, இது சார்னகைட். அந்தப் பெண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். வரைபடத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

என் 37 வருஷ சர்வீசில் ஒரு வரைபடத்தைப் பார்த்து யாரும் கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். நாங்கள் சிரித்தோம். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நான் விஞ்ஞானி அல்ல. டிராஃப்ட்ஸ்மேன். 1974-இல் சேர்ந்தேன். நிலவியலாளர்கள் வெயிலில் அலைந்து குறித்துவந்த கோடுகளை டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் இழுப்பது என் வேலை. (ரோட்ரிங் பேனா அடைத்துக்கொண்டால் அதை உதறி உதறி எழுதவைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு நிமிஷம் என்னோடு பெருமூச்சு விடுங்கள்.) அதனால் இந்த வரைபடங்களைப் பற்றிப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். அந்தக் கோடுகள் எப்படிப் பிறந்தன என்று எனக்குத் தெரியும்.

எந்த வரைபடத்தைச் சொல்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விவசாயத்துக்கான மண் வரைபடம் ஒன்று உண்டு. அது பயிரின் வேர் போகிற ஆழத்தோடு நின்றுவிடும். பாறை வரைபடம் ஒன்று உண்டு. அதற்கு அடியிலிருக்கிற கல்தான் முக்கியம். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறதே மணல், களி, வண்டல், சரளை, சுக்கான் என்று, சில இடத்தில் ஐந்தடி, சில இடத்தில் நூறடி, அதைக் காட்டுவது மேற்படிவு வரைபடம். நம் வீடு நிற்பது அதன் மேல். நம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் இருப்பது அதற்குள். மழைத் தண்ணீர் இறங்குவதா தேங்குவதா என்று முடிவு செய்வது அது.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். பரங்கிமலையும் பல்லாவரமும் சார்னகைட் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லால்தான் அந்தப் பாறைக்கே அப்படிப் பெயர் வந்தது. அங்கிருந்து கிழக்கே வேளச்சேரி, பள்ளிக்கரணை வந்தால் களியும் சதுப்பும். இன்னும் கொஞ்சம் கிழக்கே திருவான்மியூர், பெசன்ட் நகர் போனால் கடற்கரை மணல். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வேறு வேறு நிலம். ஆனால் நாம் மூன்றிலும் ஒரே மாதிரி கட்டுகிறோம், ஒரே மாதிரி தோண்டுகிறோம்.

மழைநீர் சேகரிப்பு நினைவிருக்கிறதா? 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பெசன்ட் நகரில் என் நண்பர் வீட்டில் ஒரு சின்னக் குழி எடுத்துக் கருங்கல் ஜல்லி நிரப்பினார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் அப்படியே உள்ளே போய்விடும். கிணறு உப்பு குறைந்தது. அதே அளவுக் குழி, அதே ஜல்லி, களிமண் பகுதியிலிருக்கும் என் தங்கை வீட்டிலும் போட்டார்கள். மழை நின்று பத்து நாள் ஆனாலும் குழியில் தண்ணீர் அசையாது. கொசு வளர்த்ததுதான் மிச்சம். கடைசியில் சிமென்ட் பூசி மூடிவிட்டார்கள். களி என்றால் அதைத் துளைத்துக் கீழேயிருக்கும் மணலுக்கோ மக்கிய பாறைக்கோ குழாய் இறக்கியிருக்க வேண்டும். எங்கே குழி போதும், எங்கே குழாய் இறக்க வேண்டும், எத்தனை அடிக்கு இறக்க வேண்டும் என்று ஒரு தாளில் கலர் பூசிக் கொடுத்திருக்கலாம். அதற்கு வேண்டிய விஷயம் எங்கள் ஆபீஸ் அலமாரிகளில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. நாங்களும் கொடுக்கவில்லை.

தங்கை வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1996-இல் தெற்குப் புறநகரில் ஓர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கிரவுண்டு வாங்கினாள். அண்ணன் என்கிற முறையில் நான்தான் கூடப் போனேன். பட்டா பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். எல்லாம் திருப்தி. வீடு கட்டி நாலாவது வருஷம் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் குறுக்காக விரிசல் விட்டது. கோடையில் விரியும், ஐப்பசி கார்த்திகையில் கொஞ்சம் சேரும், அப்போது கதவு சாத்த வராது. மேஸ்திரி வந்து சிமென்ட் வைத்து அடைப்பார். அடுத்த சித்திரையில் பக்கத்திலேயே இன்னொன்று விடும். ஒரு இன்ஜினீயரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் வாசலில் ஒரு பள்ளம் எடுக்கச் சொல்லி மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், இது உப்புகிற களி, நாலடி அஸ்திவாரம் போதாது, அண்டர்ரீம் பைல் போட்டிருக்க வேண்டும் என்று.

மறுநாள் ஆபீசில் அந்தப் பகுதியின் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். களி என்று இளம்பச்சையில் தெளிவாக இருந்தது. ஓரத்தில் வரைந்தவர் என்ற இடத்தில் என் இனிஷியல். 1988-இல் அந்தப் பச்சையின் எல்லையை இழுத்தவனே நான்தான்.

தங்கையிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "நீ மேப் ஆபீஸ்லதானே அண்ணா வேலை பார்க்கற? உனக்கே தெரியாமப் போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

வரைந்தவனுக்கே உறைக்காத ஒரு வரைபடம் ஊராட்சித் தலைவருக்கும் வீடு கட்டும் வாத்தியாருக்கும் எப்படி உறைக்கும்? இளம்பச்சையைப் பார்த்தால் எனக்கு 'களி, பிந்தைய காலப் படிவு' என்றுதான் தோன்றியது. 'அஸ்திவாரம் ஜாக்கிரதை' என்று தோன்றவில்லை. அப்படி எங்கும் எழுதவும் இல்லை.

இப்போது எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது, இனி கவலையில்லை என்கிறார்கள். நான் அதற்கு எதிரி அல்ல. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் 1:50,000 வரைபடங்களை இன்று எவரும் பதிவு செய்துகொண்டு காசில்லாமல் எடுக்கலாம். ஒரு காலத்தில் ஒரு ஷீட் வெளியே போக எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வகையில் பெரிய காரியம். ஆனால் அலமாரியில் இருந்ததை அப்படியே கம்ப்யூட்டருக்குள் தூக்கி வைப்பதால் மட்டும் அது உபயோகமாகிவிடாது. சில விஷயத்தில் ஆபத்து கூடியிருக்கிறது.

கோடு விஷயம் சொல்கிறேன். 1:50,000 என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். நான் எல்லைக்குப் பயன்படுத்திய பேனா 0.3. ஆக என் கோட்டின் தடிமனே தரையில் 15 மீட்டர். ஒரு கிரவுண்டு நாற்பதுக்கு அறுபது அடி, அதாவது சுமார் 12 மீட்டருக்கு 18 மீட்டர். என் தங்கையின் மனை கிட்டத்தட்ட முழுசாக என் பேனாக் கோட்டுக்குள் அடங்கிவிடும்! காகிதத்தில் இது கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் யாரும் உற்றுப்பார்க்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் அப்படியா? விரலால் விரித்துக்கொண்டே போகலாம். மொட்டை மாடியில் காயும் வேட்டி வரைக்கும் போகலாம். கோடு மட்டும் தடிக்காது, மெல்லிசாகவே, ரொம்ப நிச்சயமாகத் தெரியும். பார்க்கிறவர் சமையலறை களியில், ஹால் மணலில் என்று நம்பிவிடுவார். போன வருஷம் ஒரு ஃப்ளாட் புரோக்கர் என் மருமகனிடம் போனில் அப்படித்தான் காட்டியிருக்கிறார். "பாருங்க சார், நம்ம பிளாட் சரியா கோட்டுக்கு இந்தப் பக்கம். கெட்டித் தரை."

இன்னொன்று எனக்கு இதைவிட வருத்தம் தருவது. எங்கள் காலத்தில் எல்லைக் கோடு இரண்டு விதம். நிலவியலாளர் காலால் நடந்து கண்ணால் பார்த்த எல்லை என்றால் முழுக் கோடு. இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தால் விட்டு விட்டு இழுத்த கோடு. அவர் சொல்வார், "இங்கேயிருந்து அந்தப் பனைமரம் வரைக்கும் எனக்கு நிச்சயம்பா, அதுக்கப்புறம் டேஷ் போடு." அந்த டேஷ் ஒரு நேர்மை. எனக்குத் தெரிந்து டிஜிட்டலாக மாற்றும் வேலை நடந்தபோது, மேல்நோக்கத்தில் ஒரு பகுதிக்கு ஒரு வளையம் என்று மூடித்தானே ஆக வேண்டும், டேஷ் எல்லாம் முழுக் கோடாகிவிட்டது. வேலையைச் செய்த பையன்கள் மேல் தப்பில்லை. ஒரு நாளைக்கு இத்தனை ஷீட் என்று கணக்கு. ஆனால் ஒரு நிலவியலாளரின் "தெரியாது" என்கிற வார்த்தை அதில் அழிந்தது.

இவ்வளவு சொல்கிறாயே, என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள்.

அந்தப் பெண் கேட்டதுதான் வேண்டும். ஒரே வரைபடத்திலிருந்து கேள்விக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்த தாள்கள். எங்கே மண் உப்பிச் சுருங்கும்? எங்கே அமுங்கும்? எங்கே பத்தடி தோண்டினால் தண்ணீர் வந்து பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கில் ராப்பகலாக மோட்டார் ஓடும்? எங்கே மழைத்தண்ணீர் இறங்கும்? எங்கே குப்பை கொட்டினால் கிணற்றுக்குப் போகும்? பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்று கலர் போதும். தமிழில் இருக்க வேண்டும். குவாட்டர்னரியைக் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், விஞ்ஞானிகளுக்கு அது வேண்டும்தான்.

பிரிட்டனில் இதைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் நிலவியல் துறை ஜியோஷ்யூர் என்று ஆறு தாள்கள் போட்டிருக்கிறது. விரிந்து சுருங்கும் களி, சரியும் நிலம், அமுங்கும் மண், நனைந்தால் குலையும் மண், ஓடும் மணல், கரையும் பாறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. லண்டன் களியால் வீடு விரிசல் விட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அடிபட்ட நாடு அது. பணம் போனால் வரைபடத்துக்குத் தானே மொழி வந்துவிடுகிறது!

அடுத்தது ஆழம். மேலே மணல், பத்தடிக்குக் கீழே களி என்றால் தட்டையான வரைபடம் மணல் என்றே காட்டும். கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் கீழே இருப்பதுதான் முக்கியம். அதற்குத் துளை போட்ட விவரம் வேண்டும். அது நம்மிடம் இல்லையா? கொட்டிக் கிடக்கிறது. மெட்ரோ ரயிலுக்குப் போட்டார்கள். ஒவ்வொரு மேம்பாலத்துக்கும் போட்டார்கள். பெரிய அடுக்குமாடிக்கெல்லாம் மண் பரிசோதனை செய்கிறார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணி, மீட்டர் மீட்டராகக் குறித்து, பைண்ட் செய்து ஃபைலில் வைக்கிறார்கள். 2014-இல் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடி சரிந்து 61 பேர் போன பிறகு மண் பரிசோதனை என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்தது. ஆனால் அந்த அறிக்கையின் ஆயுசு என்ன? அனுமதி கிடைத்ததும் முடிந்தது. அடுத்த மனைக்காரர் அதே மண்ணுக்கு மறுபடியும் காசு கொடுத்துத் துளை போடுகிறார். அல்லது, சின்ன வீடுதானே என்று போடாமலே விடுகிறார், நாங்கள் விட்ட மாதிரி.

நெதர்லாந்தில் 2018 முதல் இதற்கென்றே சட்டம். அரசு அமைப்பு எது துளை போட்டாலும் விவரத்தைப் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அதோடு விடவில்லை. முடிவெடுக்கும்போது அந்தப் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். தப்பு தெரிந்தால் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதி நாடு கடலுக்கு ஒப்பாகக் கிடப்பதால் வந்த புத்தி என்று சொல்லலாம். நம் வடசென்னையும் பள்ளிக்கரணையும் என்ன மலை மேலா இருக்கின்றன?

நான் இப்படிப் பேசினால் என் பழைய நண்பர்களுக்குப் பிடிக்காது. அவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். "1:50,000 மேப்பை வெச்சு மனைக்குப் பதில் சொல்ல முடியாதுப்பா. சிவப்புன்னு போட்டா வழக்கு வரும். பச்சைன்னு போட்டு வீடு விழுந்தா அதுக்கும் வழக்கு வரும்." இதில் நியாயம் இருக்கிறது. கோட்டின் தடிமனைப் பற்றி மேலே அழுதவன் நான்தானே. ஆனால் பதில் சொல்லாமலிருப்பதும் ஒரு பதில்தான். அந்த இடத்தில் புரோக்கர் பதில் சொல்கிறார். சர்வே எண்ணைத் தட்டினால் இப்படி வரட்டுமே: "இந்த இடம் களிப் பகுதிக்குள் வருகிறது. எல்லை ஊகமானது, நூறு மீட்டர் முன்பின் இருக்கலாம். கட்டுமுன் இத்தனை அடிக்குத் துளை போட்டுப் பாருங்கள்." இந்த மூன்று வரியில் எந்த வழக்கு நிற்கும்? 1996-இல் எனக்கு இந்த மூன்று வரி கிடைத்திருந்தால் போதும். அன்றைய விலையில் இன்னொரு நாற்பதாயிரம் செலவு செய்து பைல் போட்டிருப்போம். பட்டாவும் புலப்பட ஸ்கெட்ச்சும் வீட்டிலிருந்தே எடுக்க முடிகிற மாநிலம் இது. மண்ணுக்கும் ஒரு வில்லங்கச் சான்று கொடுக்க ஏன் முடியாது?

மனை விலை இறங்கிவிடும் என்பது இன்னொரு வாதம். இறங்கட்டும். வாங்குகிறவன் பக்கம் நின்று பார்த்தால் அது நஷ்டமா?

ஒன்று மறந்துவிட்டேன். கொட்டி மேடாக்கிய நிலம். தி.நகர் பாதியும் வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரியின் மேல் நிற்பது உங்களுக்குத் தெரியும். அது பழைய கதை, தாங்கிவிட்டது. அதன் பிறகு எத்தனை குட்டை, எத்தனை தாங்கல், எத்தனை கால்வாய் ஓரம் சவுடும் கட்டட இடிபாடும் கொட்டி மனையாகியிருக்கிறது! இயற்கைப் படிவை மட்டும் காட்டும் வரைபடத்தில் இது வராது. ஆனால் ஊரில் மிகவும் பொல்லாத தரை அதுதான். 2015 டிசம்பரில் படகு ஓடிய தெருக்களில் பழைய ஏரி எது, வாய்க்கால் எது என்று சர்வே டோப்போ ஷீட்டை வைத்து நானே வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் போட்டுப் பார்த்தேன். பென்சிலைத் தூக்கி வைத்துவிட்டேன், அவ்வளவு பொருந்தி வந்தது. எங்கே, எப்போது, எதைக் கொட்டினார்கள் என்று வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அதற்குத் துளைகூட வேண்டாம், பழைய ஷீட்டும் பழைய ஆட்களும் போதும்.

2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. அரக்கோணம் வரை போய்விட்டது. அங்கெல்லாம் இன்னும் வயல்தான் அதிகம். இனி வரும் மாஸ்டர் பிளானில் அந்த வயல்களுக்கு மஞ்சள், ஊதா என்று கலர் பூசுவார்கள், இது குடியிருப்பு, இது தொழிற்சாலை என்று. அந்தக் கலருக்கு அடியில் எங்கள் கலரையும் வைத்துப் பாருங்கள் என்று ஒரு மனு எழுதி அனுப்பினேன். இரண்டு பக்கம். கையால் ஒரு மாதிரிப் படமும் போட்டு இணைத்தேன். 0.3 பேனாதான். எங்கே நிச்சயமில்லையோ அங்கே டேஷ் போட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வயசுக்காரர்கள் பலர் இந்தப் புறநகர்களில் முதலில் வீடு கட்டி வந்தவர்கள். பீரோவில் மண் பரிசோதனை அறிக்கையோ போர் போட்ட ரசீதோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதுவும் இல்லையென்றால், கிணறு வெட்டியபோது எத்தனையாவது அடியில் களி வந்தது, எத்தனையாவது அடியில் சுக்கான் வந்தது, உங்கள் தெரு முன்னால் என்னவாக இருந்தது என்று நினைவிருக்கிற வரைக்கும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். தங்கை வீட்டுக்கு நான் எழுதி வைத்துவிட்டேன்.